வாத்துக்குக் குறி, கோஷிக்குப் பெயர்

புள்ளியியல்காரர்கள் மூன்று பேர் வாத்து வேட்டைக்குப் போனார்கள். முதலாமவர் சுட்டார், குண்டு வாத்துக்கு ஒரு மீட்டர் இடப்பக்கம் போயிற்று. இரண்டாமவர் சுட்டார், ஒரு மீட்டர் வலப்பக்கம். மூன்றாமவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. "விழுந்துடுச்சு, விழுந்துடுச்சு!" என்று குதித்தார்.

புள்ளியியல் வகுப்பு நடக்கும் ஊரிலெல்லாம் உலவுகிற ஜோக் இது. வாத்தியார் சொல்வார், முதல் பெஞ்ச் சிரிக்கும், கடைசி பெஞ்ச் முதல் பெஞ்ச் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கும். விளக்கினால் ஜோக் செத்துவிடும் என்பார்கள். பரவாயில்லை, வாத்துதான் சாகவில்லை, ஜோக்காவது சாகட்டும். இடப்பக்கம் ஒரு மீட்டர் என்றால் கழித்தல் 1, வலப்பக்கம் என்றால் கூட்டல் 1. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பூஜ்யம். சராசரிக் குண்டு சரியாக வாத்தின் மார்பில். நிஜ வாத்து அந்நேரம் பக்கத்து ஏரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கொஞ்சம் யோசித்தால் மூன்றாமவர் அவ்வளவு முட்டாள் இல்லை. வாத்து எங்கே இருந்தது என்று தெரியாது, இரண்டு குண்டுகள் போன இடம் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்து நடுவில்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்வது நியாயமான ஊகம். நட்சத்திரங்களையும் கிரகங்களையும் குறிபார்த்த வானியலாளர்கள் இதைத்தான் செய்தார்கள், செய்து பிழைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், ஊகம் பலிப்பது துப்பாக்கியைப் பொறுத்தது. ஒரு வகைத் துப்பாக்கி இருக்கிறது. அதை வைத்து இரண்டு பேர் அல்ல, இரண்டு கோடிப் பேர் சுட்டுச் சராசரி எடுத்தாலும், ஒருத்தர் சுட்டதற்கு மேல் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. 1853-ல் பாரிஸில் ஒரு பெரிய மனிதர் இன்னொரு பெரிய மனிதரின் மூக்கை உடைப்பதற்காக அந்தத் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். அதன் கதை இது. மரியாதை கொஞ்சம் குறைந்தால் மன்னிக்கவும். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் கேஸ் போடும் நிலையில் இல்லை.

ஒரே விஷயத்தைப் பல தடவை அளந்து சராசரி எடுப்பது இன்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த காரியம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆய்லருக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஆய்லர் சாதாரண ஆள் இல்லை. கணிதத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து அவர்தான் வந்து திறப்பார். சனியும் வியாழனும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதைப் பற்றி 1749-ல் வெளியான அவருடைய ஆய்வில் 75 வானியல் பதிவுகள் கையில் இருந்தன. எல்லாவற்றையும் கலந்தால் எல்லாப் பிழைகளும் சேர்ந்து பெருகிவிடுமே என்று பயந்து, பாதி வழியில் கைகழுவிவிட்டார். அடுத்த வருஷமே டோபியாஸ் மேயர் என்ற வரைபடக்காரர், நிலா லேசாகத் தலையாட்டுவதை அளந்த 27 சமன்பாடுகளை ஒன்பது ஒன்பதாக மூன்று கட்டாகக் கட்டி, கூசாமல் கூட்டினார். விடை வந்துவிட்டது. மேதைக்கு இருந்த பயம் மேப் போடுகிறவருக்கு இல்லை. 1755-ல் தாமஸ் சிம்ப்சன், தறியில் உட்கார்ந்திருந்து கணிதத்துக்கு வந்தவர், லண்டன் ராயல் சொசைட்டிக்கே கடிதம் எழுதினார்: நன்றாக எடுத்த ஒரே ஒரு அளவைவிடப் பல அளவுகளின் சராசரி மேல், நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று.

இதற்கெல்லாம் முன்பே லண்டனில் ஒருவர் விஷயத்தைப் பாதி முடித்து வைத்திருந்தார். ஆபிரகாம் டி மாய்வர். பிரான்சில் புராட்டஸ்டண்டாகப் பிறந்த குற்றத்துக்காக ஊரை விட்டு ஓடிவந்தவர். இங்கிலாந்தில் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. வீடு வீடாக டியூஷன். மிச்ச நேரம் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் ஸ்லாட்டர்ஸ் காபிக் கடையில் உட்கார்ந்து, சூதாடுகிறவர்களுக்கு வாய்ப்புக் கணக்குப் போட்டுக் கொடுத்துச் சில்லறை பார்ப்பது. நாணயத்தை நிறையத் தடவை சுண்டினால் தலை எத்தனை விழும் என்ற கணக்கைச் சுருக்கப் போய், 1733-ல் ஒரு சின்னத் துண்டுப் பிரசுரத்தில் மணி வடிவ வளைவை எழுதிவிட்டார். 3,600 தடவை சுண்டினால் தலை 1,770-க்கும் 1,830-க்கும் நடுவில் விழ ஏறக்குறைய 68% வாய்ப்பு என்று அது சொல்லும். சூதாடிகள் வளைவைக் கவனிக்கவில்லை. விடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வயதான காலத்தில் டி மாய்வர் தினமும் கொஞ்சம் கூடுதலாகத் தூங்க ஆரம்பித்து, கூட்டுத்தொடர் போட்டு, தூக்கம் 24 மணி நேரத்தைத் தொட்ட நாளில் செத்துப்போனார் என்று ஒரு கதை உண்டு. கதைதான். 1754-ல், 87 வயதில் காலமானார் என்பது மட்டும் நிஜம்.

அவருடைய வளைவுக்குப் பெயர் வாங்கியது ஜெர்மன் கணிதர் காஸ். 1801 ஜனவரி 1 அன்று பியாட்சி என்ற பாதிரியார் சிசிலியில் சீரீஸ் என்ற குட்டிக் கோளைக் கண்டுபிடித்தார். சில வாரங்களில் அது சூரியனுக்குப் பின்னால் போய்த் தொலைந்தது. 24 வயது காஸ் கணக்குப் போட்டு, இன்ன இடத்தில் தேடுங்கள் என்றார். வருஷக் கடைசியில் அங்கேயே கிடைத்தது. புகழ் கொட்டிற்று. 1809-ல் புத்தகம் எழுதும்போது, பிழைகளுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் வித்தையை 1795-லிருந்தே தான் பயன்படுத்துவதாகப் போகிற போக்கில் சொன்னார். அந்த வித்தையை 1805-லேயே அச்சில் கொண்டுவந்திருந்த லெஜாந்தர் பாரிஸில் கொதித்தார். கொதித்து என்ன செய்ய? அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன் என்று ஒரு மேதை சொன்னால் அலமாரியை யார் திறந்து பார்ப்பது?

அதைவிட ருசியானது காஸ் மணி வளைவை வரவழைத்த விதம். அளவுகளின் சராசரிதான் மிகப் பொருத்தமான விடை என்று வைத்துக்கொள்வோம் என்றார். அப்படியானால் பிழைகள் எந்த வளைவின்படி விழ வேண்டும்? கணக்குப் போட்டால் மணி வளைவு ஒன்றுதான் வருகிறது. சரி, பிழைகள் மணி வளைவில் விழுகின்றன. ஆகவே அதற்கேற்ற முறையே சிறந்த முறை, சராசரியும் சரி. தீர்ப்பை எழுதிவிட்டு அதற்குத் தோதாகச் சட்டத்தை எழுதிய வேலை. நல்ல வேளை, 1810-ல் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் முட்டுக்கொடுத்தார்: தனித்தனியான சின்னச் சின்னப் பிழைகள் ஏராளமாகக் கூடினால், ஒவ்வொன்றும் எப்படிப்பட்டதாக இருந்தாலும், மொத்தம் மணி வளைவை நோக்கித்தான் போகும் என்று காட்டினார். யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில் காஸ் முகமும் மணி வளைவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டி மாய்வருக்கு எந்த நோட்டிலும் இடமில்லை.

லாப்லாஸ் சொன்னதில் ஒரு ஓட்டை இருந்தது. எப்படிப்பட்டதாக இருந்தாலும் என்பது கொஞ்சம் தாராளமான பேச்சு. அந்த ஓட்டையில் விரலை விட்டவர் அவருடைய சிஷ்யர் பாய்சான். 1824-ல் ஒரு வளைவை எடுத்துக் காட்டினார்: நடுவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டு, பையால் (π) பெருக்கு, அதைக் கொண்டு ஒன்றை வகு. பார்க்க மணி வளைவின் கூடப்பிறந்த தம்பி மாதிரியே இருக்கும். ஆனால் இதற்கு லாப்லாஸின் விதி செல்லாது. காட்டிவிட்டு, நடைமுறையில் இப்படி ஒன்று வராது என்று சொல்லி, தானே ஓட்டையை மூடிவிட்டு நகர்ந்தார். குருவுக்கு வலிக்காமல் குறை சொல்வது ஒரு கலை.

29 வருஷம் அது அப்படியே கிடந்தது. பிறகு கோஷி வந்தார்.

அகுஸ்தான் லூயி கோஷி பிறந்தது 1789 ஆகஸ்டில், பாஸ்தீய் சிறை உடைந்து ஆறு வாரம்கூட ஆகாத பாரிஸில். புரட்சிக்குப் பிறந்த பிள்ளை ராஜ விசுவாசியாக வளர்ந்தது. 1830-ல் பழைய அரச வம்சம் விரட்டப்பட்டு லூயி பிலிப் வந்தபோது, புது ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று வேலையை உதறி, குடும்பத்தைப் பாரிஸிலேயே விட்டுவிட்டு வெளிநாடு போனார். பிராக் நகரில் பழைய ராஜாவின் பேரனுக்கு வாத்தியார். பையன் கணிதத்தை வெறுத்தான், வாத்தியார் கத்துவார். சம்பளத்துக்கு மேல் கோஷிக்குப் பரோன் பட்டம் கிடைத்தது. பையனுக்குக் கணிதம் கடைசிவரை வரவில்லை. ஆனால் பிடிவாதம் நன்றாக வந்தது. 1870-களில் அந்தப் பையனை, அப்போது ஐம்பது தாண்டியவர், பிரான்சின் ராஜாவாக்க நாடாளுமன்றமே தயாராக இருந்தபோது, மூவர்ணக் கொடி எனக்கு ஆகாது என்று சொல்லிச் சிம்மாசனத்தையே விட்டார். குருவுக்கேற்ற சிஷ்யன்.

கோஷி எழுதித் தள்ளுவார். அவருடைய கட்டுரைகள் எழுநூற்றுச் சொச்சம். அறிவியல் அகாதெமி தன் வாராந்தர அறிக்கையில் ஒரு கட்டுரைக்கு நாலு பக்கம் என்று கட்டுப்பாடு வைத்ததே இவரால்தான் என்பார்கள். மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதில் அந்தச் சுறுசுறுப்பு கிடையாது. 1826-ல் நார்வே இளைஞர் ஆபெல் கொடுத்த கட்டுரையை எங்கோ வைத்துவிட்டார். அது வெளியே வருவதற்குள் 26 வயது ஆபெல் காசநோயில் போய்ச் சேர்ந்தார். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

எதிர்த்தரப்பு இரெனே ஜூல் பியனேமே. நிதித்துறையில் இன்ஸ்பெக்டர் ஜெனரல். 1848 புரட்சியில் அந்த வேலை போயிற்று. லாப்லாஸின் பரம பக்தர். 1852-ல்தான் அகாதெமிக்குள் காலெடுத்து வைத்தார். மறுவருஷமே, 1835-ல் தான் கொடுத்த ஒரு கணக்கு முறை லாப்லாஸ்-காஸ் முறையைவிட மேல் என்று கோஷி பேச ஆரம்பிக்க, பியனேமே குறுக்கே விழுந்தார். பிழைகள் எப்படியிருந்தாலும் நாங்கள் சொல்வதுதான் சிறந்த முறை என்றார். அந்த ‘எப்படியிருந்தாலும்’ மீண்டும் வந்தது. கோஷி கட்டுரை மேல் கட்டுரையாக அடித்தார். அதில் ஒன்றில் இருந்தது அந்தத் துப்பாக்கி.

துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். இரு பக்கமும் முடிவே இல்லாத நீண்ட சுவர். அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நீங்கள் நிற்கிறீர்கள். கண்ணைக் கட்டித் தட்டாமாலை சுற்றி, சுவரைப் பார்த்த ஏதோ ஒரு கோணத்தில் நிறுத்தி, சுடச் சொல்கிறார்கள். எல்லாக் கோணத்துக்கும் சம வாய்ப்பு. குண்டு சுவரில் படும் இடம், உங்களுக்கு நேர் எதிரே உள்ள புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி? அந்தத் தூரம் பாய்சானின் வளைவுப்படிதான் அமையும். 45 டிகிரிக்குள் இருந்தால் ஒரு மீட்டருக்குள் படும். அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதுவரை சாது. ஆனால் கிட்டத்தட்டச் சுவருக்கு இணையாகத் திரும்பிவிட்டால் குண்டு அடுத்த தாலுகாவில் போய்ப் படும்.

நல்ல துப்பாக்கியின் பிழை மணி வளைவில் வருகிறது, அதன் திட்ட விலக்கம், அதாவது குண்டுகள் வழக்கமாகச் சிதறும் அளவு, ஒரு மீட்டர் என்று வையுங்கள். ஆறு மீட்டருக்கு அப்பால் குண்டு போவது 100 கோடியில் 2 தடவை. சுற்றிச் சுடுகிற துப்பாக்கியில் அதே ஆறு மீட்டரைத் தாண்டுவது 100-ல் 10 தடவை. நூறு மீட்டரைத் தாண்டுவது 1,000-ல் 6, ஆயிரம் மீட்டரைத் தாண்டுவது 10,000-ல் 6. தூரம் பத்து மடங்கு ஏறினால் வாய்ப்பு பத்து மடங்குதான் இறங்குகிறது. விஷம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வலப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 10 முதல் 100 மீட்டருக்குள் விழும் குண்டுகள் சராசரிக்குத் தரும் பங்கு 0.73 மீட்டர். 100 முதல் 1,000 வரை விழுபவை தருவதும் 0.73. அடுத்த பத்து மடங்குக்கும் 0.73. அதற்கு அடுத்ததற்கும் அதே. கூட்டிக்கொண்டே போனால் வலப்பக்கம் முடிவிலி, இடப்பக்கமும் முடிவிலி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம்தானே என்று கேட்கக் கூடாது. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் கழிக்கிறவர் இஷ்டத்துக்கு எது வேண்டுமானாலும் வரும். இந்த வளைவுக்கு நடு உண்டு, சராசரி கிடையாது.

சராசரி ஏன் உதவாது? நல்ல துப்பாக்கியால் நூறு தடவை சுட்டால், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்று, மொத்தப் பிழை 100 மீட்டர் அளவுக்குப் பரவாமல் அதன் வர்க்கமூலம், 10 மீட்டர் அளவுக்குத்தான் பரவும். நூறால் வகுத்தால் 10 செ.மீ. நூறு தடவை சுட்டதற்குப் பத்து மடங்கு துல்லியம்; உழைப்புக்குக் கூலி. கோஷியின் துப்பாக்கியில் அந்தத் தின்பது நடக்காது. நூறு குண்டுகளில் ஒன்றாவது 50 மீட்டருக்கு அப்பால் போக 72% வாய்ப்பு. அந்த ஒரே குண்டு மற்ற 99 பேரின் பஞ்சாயத்தையும் கலைத்துவிடும். மொத்தப் பிழையின் பரவல் முழுசாக நூறு மடங்காகிறது. நூறால் வகுத்தால் பழையபடி ஒன்று. நூறின் சராசரி, ஒன்றைப் போலவே பரவுகிறது. ஏறக்குறைய இல்லை, அச்சுஅசலாக. லட்சம் தடவை சுட்டாலும் இதே கதி.

ஆக, நம் மூன்றாமவர் குதிக்கலாமா கூடாதா என்பது கூட வந்தவர்களின் துப்பாக்கி எது என்பதில் இருக்கிறது. சுற்றுத் துப்பாக்கி என்றால் அவர் வாயை மூடிக்கொண்டு தானும் ஒரு தடவை சுட வேண்டும். பிறகு மூன்று குண்டுகளையும் வரிசையில் வைத்து நடுக் குண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் இதற்கு இடைநிலை அளவு என்று பெயர். மூன்றின் சராசரி பத்து மீட்டருக்கு அப்பால் போக 6.3% வாய்ப்பு, ஒற்றைக் குண்டுக்கு உள்ள அதே வாய்ப்பு. நடுக் குண்டு அப்படிப் போவது 0.6% மட்டுமே. அடுத்த தாலுகாவுக்குப் போன குண்டு ஓரத்தில்தான் நிற்கும். நடுவுக்கு வர அதற்கு வழியில்லை.

பியனேமே இதற்கு என்ன பதில் சொன்னார்? கணக்கை மறுக்கவில்லை. இப்படிப் பிழை விடுகிற கருவியைச் சாதாரணத் தொழிலாளிகூடக் கடையில் வைத்து விற்கமாட்டான், அப்படிப்பட்டதைச் செய்கிற பட்டறைக்கு என்ன பெயர் வைப்பதென்றே தெரியவில்லை என்கிற தொனியில் எழுதினார். அரசாங்கத் தணிக்கை அதிகாரியின் பதில் இது: வவுச்சர் செல்லாது, கம்பெனியே போலி. பாய்சான் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். இரண்டு பேரையும் இயற்கை கைவிட்டது. அணுக்கள் உமிழும் ஒளியின் நிறக்கோடுகளுடைய இயல்பான வடிவம் இந்த வளைவேதான். இயற்பியல்காரர்கள் இதை லோரன்ட்ஸ் வளைவு என்கிறார்கள். அணுக்கருப் பக்கம் போனால் 1936-லிருந்து பிரைட்-விக்னர் என்று பெயர். இன்னும் சுலபமாகவும் செய்யலாம். மணி வளைவில் வரும் ஒழுக்கமான இரண்டு எண்களை, தொடர்பில்லாமல், பூஜ்யத்தை நடுவாக வைத்து எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் இந்தப் போக்கிரி பிறந்துவிடுவான். வகுப்பவன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் குண்டு அடுத்த தாலுகா.

பெயர்க் குழப்பத்தைக் கவனித்தீர்களா? பாய்சான் 1824-ல் அச்சிட்ட வளைவு கோஷி பரவல் ஆயிற்று. பாய்சான் பெயரில் இருக்கும் பரவலோ, நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி அவர் 1837-ல் எழுதிய தடித்த புத்தகத்தில் ஓரமாக வருவது. அதன் கரு 1711-லேயே டி மாய்வரிடம் இருந்தது. டி மாய்வரின் 1733 மணி வளைவு காஸ் தலையில் ஏறிற்று. லாண்டரிக்காரர் தெரு முழுக்கத் துணியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி எல்லோரும் அடுத்தவர் சட்டையில் நிற்கிறார்கள். பாய்சான் சட்டைக்குப் பிரபலம் கிடைத்ததே 1898-ல்தான். போர்ட்கீவிச் என்பவர், பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்தவர்களை எண்ணினார். பத்துப் படைப்பிரிவு, 20 வருஷம், ஆக 200 கணக்கு. சாவே இல்லாதவை 109, ஒரு சாவு 65, இரண்டு 22, மூன்று 3, நான்கு 1. பாய்சான் சூத்திரம் எதிர்பார்ப்பது 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. குதிரைகள் சூத்திரத்தைப் படித்துவிட்டு உதைத்த மாதிரி இருக்கிறது. எந்தக் கண்டுபிடிப்பும் கண்டுபிடித்தவர் பெயரில் இருப்பதில்லை என்று 1980-ல் புள்ளியியல் வரலாற்றாசிரியர் ஸ்டிக்லர் ஒரு விதியே எழுதினார். விதிக்குத் தன் பெயரை வைத்துவிட்டு, இதை முதலில் சொன்னது சமூகவியலாளர் மெர்ட்டன் என்றும் சேர்த்துக்கொண்டார். நேர்மையான மனிதர்.

இதில் சட்டையே கிடைக்காமல் நின்றவர் பியனேமே. 1845-லேயே ஒரு குடும்பப் பெயர் தலைமுறைகளில் எப்போது அழிந்துபோகும் என்ற கணக்கைச் சரியாகச் சொன்னார். உலகம் அதை 1874-ல் எழுதிய கால்டன், வாட்சன் பெயரில் வைத்துக்கொண்டது. வாட்சன் அதில் தப்பு வேறு விட்டிருந்தார். கோஷியோடு மல்லுக்கு நின்ற அதே 1853-ல், எந்தப் பரவலாக இருந்தாலும், சராசரியும் விலக்கமும் இருந்தால் போதும், குண்டு எவ்வளவு தூரம் சிதறும் என்பதற்கு ஒரு உச்சவரம்பு கட்டினார். கோஷியின் வளைவு அதற்குள் வராது என்பது வேறு விஷயம். இந்த உச்சவரம்பை இன்று உலகமே செபிஷேவ் சமனின்மை என்கிறது. செபிஷேவ் அதை எழுதியது 1867-ல்.

பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால், பேனாவை எடுத்துப் பக்கத்தில் பியனேமே என்று எழுதிவையுங்கள். செபிஷேவ் ஆட்சேபிக்கமாட்டார். அவரே 1874-ல் ஒப்புக்கொண்டுவிட்டார்.